நோர்வேக்குப் போன மச்சாளும் நான் தைத்த கோட்டும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் கணவரும் கொழும்பில், வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடி வீட்டில் இரண்டு அறை எடுத்துக் குடியிருந்தோம். அப்போது நடந்தது இது. நான் அந்த நாட்களில் ஒரு பெண்கள் பாடசாலையில் தையல் டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த கூத்து முழுவதற்கும் அந்த உத்தியோகம்தான் காரணம்.

என் கணவரின் தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். இருபத்து மூன்று வயது. நோர்வேயில் இருந்த ஒரு மாப்பிள்ளைக்குப் பேசி முடித்திருந்தார்கள். விசா வரும்வரை எங்கள் வீட்டில் காத்திருந்தாள். எங்கள் ஊர் முறைப்படி அவள் எனக்கு மச்சாள், நான் அவளுக்கு மச்சாள். ஏழு மாதம் இருந்தாள். அந்த ஏழு மாதமும் அவள் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டை நிரம்பாது. இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டால் "காணும் மச்சாள்" என்பாள், போதுமாம். மின்விசிறியை உன் பக்கம் திருப்பவா என்றால் "வேண்டாம் மச்சாள், காத்து வருகுது" என்பாள். காற்றாவது, வருவதாவது! அவளுடைய மூலைக்குக் காற்று எட்டியும் பார்க்காது. இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் எவ்வளவு சுகம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எது பிடிக்கும், எது பிடிக்காது என்று வாய் திறக்காத ஒருத்திக்கு என்னத்தைத்தான் சமைத்துப் போடுவது?

கடைசியில் விசா வந்தது. தை மாதக் கடைசியில் பயணம். மாப்பிள்ளை தொலைபேசியில் என் கணவரோடு கதைத்தபோது, தான் இருப்பது நோர்வேயின் வடக்கே என்றும், அங்கே அந்த மாதத்தில் குளிர் எலும்பைத் தொடும் என்றும், நல்ல கனமான கோட் ஒன்றோடு அனுப்பும்படியும் சொன்னாராம். என் கணவருக்கு எல்லாவற்றுக்கும் சுலபமான வழி ஒன்று இருக்கும். புறக்கோட்டை நடைபாதையில் வெளிநாட்டுப் பழைய கோட்டுகள் குவித்து வைத்து விற்பார்கள், அதில் ஒன்றை எடுத்தால் போதும் என்றார்.

"கலியாணப் பொம்பிளையை ஆரோ போட்டுக் கழிச்ச கோட்டோட அனுப்பவோ? நாளைக்கு உங்கட அம்மா கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்று பாய்ந்தேன்.

மாமியார் யாழ்ப்பாணத்தில். சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் மகளை வழியனுப்பக்கூட வர முடியாது. அவருடைய இடத்தில் நான் நிற்க வேண்டியிருந்தது. புகுந்த வீட்டுக்குப் போகிறவள் புது உடுப்போடு போகவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் நானே தைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"நீர் எப்பவாவது கோட் தைச்சிருக்கிறீரோ?" என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. பத்து வருடமாகத் தையல் சொல்லிக் கொடுக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

மறுநாள் பாடசாலை முடிந்த கையோடு புறக்கோட்டைக்குப் போனேன். நான் வழக்கமாகத் துணி எடுக்கும் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் கருநீலக் கம்பளித் துணி கிடைத்தது. நல்ல தடிப்பு, தூக்கவே கை வலித்தது. உள்ளே லைனிங் போட அரக்கு நிறத்தில் சாட்டின் எடுத்தேன். நோர்வேக்குப் போகும் கோட்டுக்கு என்று சொல்லிக் கம்பளி மூன்று மீற்றர் வெட்டக் கேட்டபோது முதலாளி கையில் கத்தரிக்கோலோடு நின்று என்னைப் பார்த்தார்.

"நாலு எடுங்க டீச்சர். குளிருக்குப் போடுற கோட்டுன்னா உள்ளுக்கு வேற உடுப்பும் போடணும் தானே."

ஒரு மீற்றர் கூட விற்கப் பார்க்கிறார் மனிதர் என்று நினைத்தேன். "எனக்கு அளவு தெரியும், நீங்கள் மூன்றை வெட்டுங்கோ" என்று சொல்லிவிட்டேன். அவர் வெட்டிக் கொடுத்தார்.

தையலில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் தைக்கும் சேலைச் சட்டை உடம்போடு ஒட்டிப் பிறந்ததுபோல் நிற்கும். எங்கள் ஒழுங்கையில் மட்டுமில்லை, எங்கள் பெருந்தெருவான காலி வீதிக்கு அந்தப் பக்கமிருந்தும் அளவுச் சட்டையோடு வருவார்கள். அதே கையோடுதான் மச்சாளையும் நிறுத்தி அளவெடுத்தேன். அவள் போட்டிருந்தது மெல்லிய பருத்திச் சட்டை. அந்தப் புழுக்கத்தில் வேறு எதைப் போடுவது? மார்பு, இடுப்பு, தோள், கை என்று நூல் பிசகாமல் குறித்துக்கொண்டேன்.

கோட்டின் வெட்டுப் படம் ஒன்று பாடசாலையில் கிடந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் இருந்தது. அதைத் தாளில் பெரிதாக வரைந்து நான் எடுத்த அளவோடு வைத்துப் பார்த்தால், சுற்றிவர ஐந்து அங்குலம் கூடுதலாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. "இதை வரைஞ்சவருக்கு அளவெடுக்கவே தெரியாது, இதுக்குள்ள ரெண்டு பேர் போகலாம்" என்று கணவரிடம் சொன்னேன். அந்த ஐந்து அங்குலத்தையும் சுற்றிவரக் குறைத்து, மச்சாளின் உடம்புக்கு அச்சாக வெட்டினேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி எனக்குத்தான் பொருந்தும் என்று அப்போது யார் கண்டது?

பிறகு தொடங்கியது அவஸ்தை. கம்பளியை வெட்ட வெட்டப் பஞ்சுபோல ஒரு தூசி பறந்தது. வியர்வையில் ஒட்டிக் கழுத்தெல்லாம் அரித்தது. சமையலறைவரை போய்த் தேங்காய்ப்பால் சொதிக்குள்ளும் விழுந்தது. "இண்டைக்கு என்ன, கம்பளிச் சொதியோ?" என்று கணவர் கேட்டார். வெள்ளவத்தைக் கடற்காற்றில் எந்த ஊசியும் ஒரு மாதத்துக்குமேல் துருப்பிடிக்காமல் இருக்காது; துருப்பிடித்த ஊசி அந்தத் துணிக்குள் இறங்குமா? ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், ஆறு ஊசி முறிந்தது. சாட்டின் வேறு ஒரு பக்கம். மேசையில் விரித்துவிட்டுக் குண்டூசி எடுக்கத் திரும்பினால் வழுக்கித் தரையில் கிடக்கும். கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் மேசை நடுங்கும், குறித்த கோடு வளையும். இதற்குள் லைனிங்கின் முன்பக்கத் துண்டுகள் இரண்டையும் இடப்பக்கத்துக்கே வெட்டிவிட்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்தால் எழுப்பி நிறுத்தியிருப்பேன். யாருக்கும் சொல்லாமல் போய் இன்னும் ஒரு மீற்றர் சாட்டின் வாங்கி வந்தேன், வேறு கடையில்.

இன்னொன்றும் செய்தேன். சேலைச் சட்டை தைக்கும்போது உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தைப்பது வழக்கம். உடம்பு வைத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். கோட்டில் அப்படி விட்டால் தடிப்பான துணி லைனிங்குக்குள் புடைத்துக்கொண்டு நின்றது, பார்க்க வடிவில்லை. ஆகவே தையலை ஒட்டி எல்லாவற்றையும் நறுக்கி எறிந்தேன். வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஓதுகிறவள் அல்லவா?

இடையில் மூன்று தடவை மச்சாளுக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே பருத்திச் சட்டைக்கு மேல்தான். மூன்று தடவையும் அவள் பொம்மைபோல் நின்று "நல்லா இருக்கு மச்சாள்" என்றாள். பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது கோட் முடிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. இடுப்பில் ஒடுங்கி, கொலர் நிமிர்ந்து, ஒரு சுருக்கம் இல்லை. கணவர்கூட "கடையில வாங்கினதுபோல இருக்கு" என்றார். அதை ஒரு கம்பியில் மாட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன்.

புதன்கிழமை பயணம். அதற்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் கணவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நானும் பாடசாலையில் கூட்டம் என்று போய், கூட்டம் நடக்காமல் நேரத்தோடு திரும்பிவிட்டேன். வந்து பார்த்தால் அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன். உள்ளே ஏதோ மேசையில் முட்டும் சத்தம் கேட்டது. "கதவைத் திற!" என்று கத்தினேன்.

"கொஞ்சம் பொறுங்கோ மச்சாள்" என்று ஒரு குரல் வந்தது. குரலில் மூச்சு வாங்கியது.

கதவு திறந்தபோது நான் கண்டதை இன்றுவரை மறக்கவில்லை. அந்த உச்சி வெயில் நேரத்தில், யன்னலையும் சாத்திவிட்டு, இரண்டு கம்பளிச் சுவெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அதற்கு மேல் என் கோட். போட்டிருக்கிறாள் என்றும் சொல்ல முடியாது. கோட்டின் கைகள் அவள் முழங்கையோடு இறுகி நின்றுவிட்டன. கோட் தோளுக்கு ஏறவும் இல்லை, கழலவும் இல்லை. இரண்டு கையும் பின்பக்கம் இழுபட, கட்டிப்போட்ட கோழிபோல் நிற்கிறாள். கதவை எப்படித் திறந்தாளோ தெரியாது. முகம் செத்தல் மிளகாயாகச் சிவந்து, வியர்வை தாரை தாரையாக வழிகிறது.

இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் கத்தரிக்கோலை எடுத்து, நான் ஆறு ஊசி முறித்துத் தைத்த கோட்டின் கையை நானே தையலோடு வெட்டித்தான் அவளை வெளியே எடுத்தேன். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரைதான் என் பொறுமை தாங்கியது.

"இந்தச் சுவெட்டர் எங்காலை வந்தது?"

மாப்பிள்ளை நோர்வேயிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியதாம்; நாங்கள் இருவரும் வீட்டில் இல்லாத நேரம் அவர் வந்து கொடுத்துவிட்டுப் போனாராம். கூடவே ஒரு கடிதமும். இரண்டு சுவெட்டரையும் போட்டு, அதற்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம்.

"எப்ப வந்தது கடிதம்?"

"ஒரு மாசத்துக்கு மேல, மச்சாள்."

ஒரு மாதத்துக்கு முன் நான் துணியில் கத்தரிக்கோலே வைக்கவில்லை!

"அப்ப ஏனடி எனக்குச் சொல்லேல்லை? வாயில என்ன கொழுக்கட்டையோ?" என்று கேட்டேன். சத்தம் கடற்கரைவரை கேட்டிருக்கும்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்ல வந்தனான் மச்சாள். நீங்கள் வாயில குண்டூசியை வைச்சுக்கொண்டு 'அசையாத' எண்டனீங்கள். பிறகு வெட்டிப்போட்டியள். வெட்டின பிறகு சொன்னால் உங்களுக்குக் கோவம் வரும்."

"அப்ப என்ன செய்யிறதா இருந்தனீ?"

"சுவெட்டரைப் போடாமப் போவம் எண்டு நினைச்சனான். எனக்குக் குளிராது மச்சாள்."

எலும்பைத் தொடும் குளிருக்கு, மெல்லிய பருத்திச் சட்டைக்கு மேல் என் வடிவான கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு போக முடிவெடுத்திருந்தாள். அங்கே விமான நிலையத்தில் இறங்கினால் உடனே வீடு இல்லை. இன்னொரு விமானம் ஏறி, பிறகு பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் போகவேண்டுமாம். அதையும் கடிதத்தில் எழுதியிருந்தாராம். எனக்குக் கோபம் வந்துவிடுமே என்று, முன்பின் குளிரே காணாத அந்தப் பெண் உறைந்துபோகத் தயாராக இருந்தாள். அவள் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சமையலறைக்குள் போய் அழுதேன். அவளுக்காகவா என் துணிக்காகவா என்று கேட்டால் அன்றைக்குப் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

கணவர் வந்து எல்லாம் கேட்டுவிட்டு, வெட்டுப்பட்ட கோட்டை எடுத்துக் கவனமாக மடித்து வைத்தார். பழைய கோட் வாங்கலாம் என்று மறுபடியும் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சொல்லாமல் இருந்ததுதான் சுட்டது.

திங்கட்கிழமையிலிருந்து பாடசாலைக்கு மூன்று நாள் லீவு போட்டேன். அன்று காலையே மச்சாளையும் கூட்டிக்கொண்டு, பிரித்த கோட்டையும் பையில் வைத்து, அதே துணிக்கடைக்குப் போனேன். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று முதலாளி சொல்லப்போகிறார், சொல்லட்டும், வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் படியேறினேன். அவர் கோட்டை விரித்து, தையலைத் தடவிப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தான் ஈக்குது டீச்சர். கொஞ்சம் அகலம் பத்தல்ல, அவ்வளவுதான்" என்றார்.

அந்தக் கருநீலம் முடிந்துவிட்டது. அதே தடிப்பில் சாம்பலும் கறுப்பும்தான் இருந்தன. அக்குளிலிருந்து கீழ்வரை இரண்டு பக்கமும், கைகளின் அடிப்பக்கத்திலும் நீளத் துண்டு வைத்து அகலமாக்கலாம் என்று அவர் சொல்ல நான் தலையாட்டினேன். எந்த நிறம் என்று மச்சாளிடம் கேட்டேன்.

"எதெண்டாலும் சரி மச்சாள்."

எனக்குள் ஏதோ அறுந்தது. கடையில் கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "நீ ஒரு நிறம் சொல்லுமட்டும் நான் இதிலயிருந்து எழும்பமாட்டன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். நேரம் போனது. மற்ற ஆட்கள் வந்து துணி வாங்கிப் போனார்கள். முதலாளி மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, இரண்டு பிளேன் டீ வரவழைத்தார். "ஆறுதலா யோசிங்க மகள், கடை ஆறு மணிக்குத்தான் பூட்டுறது" என்றார். மணி அப்போது பத்தரை! நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தேன். வாயைத் திறந்து நானே சாம்பல் என்று சொல்லிவிட்டால் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு தடவை மட்டும் என் வாயை நான் அடக்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

கோப்பை காலியான பிறகு, அவள் விரலால் ஒரு துணியைத் தொட்டு, யாருக்கும் கேட்காத குரலில் "சாம்பல்" என்றாள். "கறுப்பு எனக்குப் பிடிக்காது" என்றும் சொன்னாள். ஏழு மாதத்தில் தனக்கு ஒன்று பிடிக்காது என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திங்கள் பின்னேரமும் செவ்வாய் முழுவதும் தைத்தேன். இந்த முறை இரண்டு சுவெட்டரையும் போட்டுக்கொண்டு வந்து நிற்கச் சொன்னேன். குண்டூசியை வாயில் வைக்கவில்லை, மேசையில் ஒரு தட்டத்தில் வைத்தேன். எங்கே இறுக்குகிறது என்று கேட்டேன். வழக்கம்போல "நல்லா இருக்கு" என்று தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கமக்கட்டுக்குள்ள கொஞ்சம் பிடிக்குது மச்சாள்."

பிரித்தேன். மறுபடி போட்டாள். கொலர் கழுத்தில் குத்துகிறது என்றாள். அதையும் பிரித்தேன். பிறகு, பொத்தான் வடிவில்லை என்றாள். பொத்தானா? நாளைக்குப் பயணம், பொத்தானா இப்போது? ஏச்சு வாய்வரை வந்துவிட்டது எனக்கு. விழுங்கிக்கொண்டு காலி வீதிக்கு இறங்கிப் போய் வேறு பொத்தான் வாங்கி வந்து தைத்தேன். கணவர் கதவோரம் நின்று சிரித்தார். "வாயைத் திறக்க வைச்சது நீர்தானே, அனுபவியும்" என்றார்.

இரண்டு பக்கமும் சாம்பல் பட்டையோடு, பழைய அழகெல்லாம் போய், பெட்டிபோல் நின்றது கோட். ஆனால் இரண்டு சுவெட்டருக்கு மேல் பொத்தான் எல்லாம் பூட்டியது.

புதன்கிழமை வாடகை வான் வண்டி பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனோம். சூட்கேசில் இடமில்லாததால் அவள் கோட்டைக் கையில் சுமந்துகொண்டு வந்தாள். உள்ளே போகும் நேரம் அண்ணனைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு என்னிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, காதுக்குள், "மச்சாள், கோவிக்காதேங்கோ, உங்கட மீன் குழம்பு சரியான உறைப்பு" என்றாள். ஏழு மாதம்! நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் உள்ளே போய் மறைந்த பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் ஏழாம் வகுப்புக்குப் போனேன். கைத்தையல் ஒன்றைச் செய்து காட்டிவிட்டு, வழக்கம்போல "விளங்கிச்சுதா?" என்று கேட்டேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "ஓம் டீச்சர்" என்றார்கள். பத்து வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டு, நன்றாகத்தான் படிப்பிக்கிறேன் என்று மனம் குளிர்ந்தவள் நான். அன்றைக்கு அது என்னைச் சுட்டது. இந்த நாற்பது பேரில் எத்தனை பேர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓம் என்றார்களோ? மேசையில் போய் உட்கார்ந்தேன். விளங்காதவர்கள் சொல்லும்வரை எழும்பமாட்டேன் என்றேன். மணி அடிக்கச் சற்று முன்னால்தான் கடைசி வரிசை வாங்கில் ஒரு சின்னக் கை உயர்ந்தது. என் கோபம் இன்னும் போகவில்லை, இந்த வயதுக்குப் பிறகு போகவும் போகாது. ஆனால் யாராவது என்னிடம் சட்டென்று "நல்லா இருக்கு" என்று சொன்னால், அன்றிலிருந்து நான் அதை நம்பாமல், வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.